முத்துப்பிரியா சீராகக் கேட்ட கம்ப்யூட்டர்

கல்யாணச் சீராகக் கட்டில் வேண்டாம், பீரோ வேண்டாம், கண்ணாடி பதித்த டிரெஸ்சிங் டேபிளும் வேண்டாம். அந்தக் காசுக்குள் அடங்குகிற ஒரு கம்ப்யூட்டர் போதும், அதையும் நானே பார்த்து வாங்கிக்கொள்கிறேன் என்று முத்துப்பிரியா சொன்னபோது அவளுடைய அப்பா சுருளி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"கம்ப்யூட்டர்ல படுத்துத் தூங்குவியா?" என்றார்.

"அவரு குவார்ட்டர்ஸ்ல கட்டில் கெடக்குப்பா. ஏலத்தோட்டத்துல குடுத்தது."

"அது தோட்டத்துக்காரன் கட்டிலு."

"அதத்தான் நானும் சொல்றேன். அந்த வீட்ல ஒரு சாமானாவது என்னோடதா இருக்கட்டும்."

சுருளி குனிந்து சோற்றைப் பிசைந்தார். சம்மதம் என்று அதற்குப் பொருளில்லை. ஆனால் மகள் கேட்டதில் தப்பு என்னவென்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. தப்பு எதுவும் இல்லாததுதான் காரணம்.

பெண்ணுக்குச் சீர் கொடுக்கிறோம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். பெண்ணுக்கு என்ன வேண்டும் என்று கேட்கிற வீடு எத்தனை இருக்கும் என்று தெரியவில்லை. சபையில் நாலு பேர் பார்ப்பதற்காக ஒரு கட்டில். மாமியார் வீட்டுத் துணிகளை அடுக்குவதற்காக ஒரு பீரோ. பெண்ணின் பெயரைச் சொல்லி இரண்டு வீடுகள் தங்களுக்குள் செய்துகொள்கிற மரியாதைக்கு அவள் ஒரு சாக்கு. சேலையின் நிறத்தைத் தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள். அதோடு தேர்வு முடிந்தது. ஒரு பொருளின் உள்ளே என்ன இருக்கவேண்டும் என்று அவள் பேச ஆரம்பித்தால் வாயாடி என்பார்கள். முத்துப்பிரியா பேச ஆரம்பித்தாள்.

அவள் ராசிங்காபுரத்துப் பெண். அப்பாவும் அம்மாவும் விடியுமுன் ஜீப்பில் தொற்றிக்கொண்டு போடிமெட்டு ஏறி, ஏலத்தோட்டத்தில் வேலை பார்த்துவிட்டு இருட்டுகிற நேரத்துக்கு இறங்குகிறவர்கள். ஒரே மகள் என்பதால் படிக்க வைத்தார்கள். படிப்பு முடிந்ததும் போடியில் ஓர் ஏலக்காய் வியாபாரியின் குடோனில் வேலை கிடைத்தது. காய்களை நிறம் பார்த்துப் பிரிக்கிற இயந்திரம் அங்கே வந்திருந்தது. மேலிருந்து காய் கொட்டும், கேமரா பார்க்கும், வெளுத்த காயையும் வெடித்த காயையும் காற்று ஊதித் தள்ளிவிடும். எந்தப் பச்சை வரை உள்ளே விடலாம் என்று திரையில் அமைத்துக் கொடுப்பது முத்துப்பிரியாவின் சோலி.

விளையாட்டு அதற்கும் முன்பே, கையில் செல்போன் வந்த நாளில் வந்தது. துப்பாக்கியோடு நாலு பேர் ஒரு தீவில் இறங்கி, மற்றவர்களிடமிருந்து தப்பித்துக் கடைசிவரை நிற்கிற விளையாட்டு. கரூர் பவித்ராவும் இன்னும் இரண்டு பெண்களும் அவளுடைய குழு. ஒருவரையொருவர் நேரில் பார்த்தது கிடையாது. காதில் குரல் மட்டும் கேட்கும். "வலது பக்கம் ஒருத்தன் வர்றான்" என்று எச்சரிக்கிற அதே குரல், ஆட்டம் முடிந்ததும் வீட்டு வருத்தத்தையும் சொல்லும். மற்ற மூவரும் கம்ப்யூட்டருக்கு மாறிவிட்டார்கள். சூடேறித் திணறும் செல்போனோடு இவள் மட்டும் பின்தங்கிக்கொண்டிருந்தாள்.

கல்யாணம் நிச்சயமானது ஈஸ்வரோடு. போடிமெட்டைத் தாண்டிக் கேரளப் பக்கம் ஓர் ஏலத்தோட்டத்தில் சூப்பர்வைசர். கல்யாணத்துக்குப் பிறகு முத்துப்பிரியா வேலையை விடவேண்டும். காலையில் ஜீப்புகள் மேலேதான் ஏறும்; அவள் தினமும் இறங்கி ஏற முடியாது. குவார்ட்டர்ஸுக்குப் பக்கத்தில் வீடுகள் இல்லை. ஈஸ்வர் காலையில் தோட்டத்துக்குள் போனால் பொழுது சாய்கிற நேரத்துக்குத்தான் திரும்புவான். அந்த வீட்டில் பகல் முழுக்க அவளுக்கென்று இருக்கப்போவது அந்த மூன்று குரல்கள்தான். கம்ப்யூட்டர் வேண்டும் என்று அவள் பிடிவாதம் பிடித்தது இதற்காக. பொழுதுபோக்கு என்று சொல்லி மற்றவர்கள் ஒதுக்கியதும் இதைத்தான்.

பாகங்களைத் தேர்ந்தெடுக்க அவள் வெகுநாள் எடுத்துக்கொண்டாள். பவித்ரா போனில் யோசனை சொன்னாள்.

"பாதிக் காசைக் கிராபிக்ஸ் கார்டுல போடுடி. மிச்சத்தை வச்சு மத்ததை ஒப்பேத்திக்கலாம்."

"ஒங்க ஊர்ல ஒப்பேத்தலாம். அங்க சாயங்காலம் ஏலக்கா காயவைக்கிற மிசினு ஓட ஆரம்பிச்சா குவார்ட்டர்ஸ்ல லைட்டு மங்கிப்போகுதாம். கரண்டு தடுமாறுற எடத்துல கார்டு மட்டும் பெருசா இருந்து என்ன பண்ண?"

எனவே திரையில் படத்தை ஓட்டுகிற அந்தக் கார்டு ஒரு படி கீழே இறங்கியது. கரண்டை வாங்கிப் பிரித்துக் கொடுக்கிற எஸ்எம்பிஎஸ் ஒரு படி மேலே ஏறியது. அதோடு ஒரு யூபிஎஸ் சேர்ந்தது. எட்டு கோர் பிராசசர் ஆசை ஆறு கோரில் நின்றது. அந்த ஆட்டத்துக்கு ஆறே தாராளம், மீதிக் காசு நல்ல மானிட்டருக்கு. சுழல்கிற ஹார்டு டிஸ்க் வேண்டாம், ஜீப் குலுக்கலுக்கும் திடீர் கரண்டு கட்டுக்கும் எஸ்எஸ்டிதான் தாங்கும். கேபினெட்டில் கண்ணாடி வேண்டாம், விளக்கு வேண்டாம்; முன்பக்கம் காற்றோட்டமாகக் கம்பிவலை இருந்தால் சரி. எல்லாவற்றையும் பெட்டி பெட்டியாகவே மேலே கொண்டுபோய் அங்கேதான் பூட்டவேண்டும் என்பதும் அவள் முடிவு. பூட்டிய கம்ப்யூட்டரைப் போடிமெட்டு வளைவுகளில் தூக்கிப்போனால் கனமான கார்டு குலுங்கிக் குலுங்கி, எல்லாப் பாகங்களையும் தாங்குகிற மதர்போர்டையே பெயர்த்துவிடும்.

இதையெல்லாம் வைத்து அவளைப் பெரிய மேதையாக்க வேண்டியதில்லை. வைஃபை இல்லாத மதர்போர்டை வாங்கினாள். குவார்ட்டர்ஸுக்கு இன்டர்நெட் கேபிள் வராது, ஆபீசோடு நின்றுவிடும் என்பதை ஈஸ்வரிடம் கேட்க மறந்துபோனாள். பிறகு, ஆபீஸ் வைஃபையைப் பிடிக்கிற ஒரு குச்சியைத் தனியாக வாங்கவேண்டியதாயிற்று. தேர்ந்தெடுக்கிறவர்கள் தப்பும் செய்வார்கள். அந்தத் தப்பும் தன்னுடையதாக இருக்கவேண்டும் என்பதுதான் விஷயம்.

ஈஸ்வருக்கு அப்பா இல்லை. தாய்மாமன் மகாராஜன் சொல்வதுதான் அந்த வீட்டில் சட்டம். தேனியில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறார். கல்யாணச் செலவு பேச வந்தபோது தங்கை கற்பகத்தோடு வந்தார். கற்பகம்தான் ஈஸ்வரின் அம்மா. கம்ப்யூட்டர் என்று காதில் விழுந்ததும் மகாராஜன் செல்போனை எடுத்து ஒரு படத்தைக் காட்டினார். கண்ணாடிப் பெட்டிக்குள் சிவப்பும் நீலமுமாக விளக்குகள் சுற்றிக்கொண்டிருந்தன.

"இருட்டுல வச்சம்னா திருவிழா மாதிரி இருக்கும்மா. நம்ம கடை இருக்கைல வெளிய வாங்குனா ஊரு என்னைய என்ன நெனைக்கும்?"

"உள்ள என்ன எஸ்எம்பிஎஸ் பெரியப்பா?"

"அது கேபினெட்டு கூடவே வந்துரும்."

"கூடவே வர்றது வேணாம் பெரியப்பா. அது எவ்வளவு கரண்டு தாங்கும்னு பொட்டியில போட்டுருப்பாங்க, அவ்வளவு தாங்காது."

மகாராஜன் சுருளியைப் பார்த்துச் சிரித்தார். "அண்ணே, மருமகள எடுக்க வந்தோம். கடைக்குச் சோதனை போட ஆபீசர் வந்துட்டாக."

எல்லோரும் சிரித்தார்கள். சுருளியும் சிரிக்க வேண்டியதாயிற்று. கேட்டது நியாயமான கேள்வி. அதற்குப் பதில் வரவில்லை; சிரிப்பு வந்தது. பெண்ணின் வாயை அடைக்க இப்படிச் சிரிப்பதைக் காட்டிலும் மலிவான வழி வேறில்லை. யாரும் கோபித்துக்கொள்ளவும் முடியாது. முத்துப்பிரியா சிரிக்கவில்லை. பாகங்களை மதுரையிலும் ஆன்லைனிலுமாக வாங்கிவிட்டாள்.

ஆவணியில் போடியில் கல்யாணம். சீர்ச் சாமான்களை மண்டபத்தில் ஒரு பக்கமாகப் பரப்பியிருந்தார்கள். பித்தளை, எவர்சில்வர், மிக்சி, கிரைண்டர். பக்கத்தில் அட்டைப்பெட்டிகள்.

"இதென்னடி, செருப்புக்கடை மாதிரி வெறும் பொட்டியா வச்சிருக்காக" என்றாள் மாப்பிள்ளை வீட்டுக் கிழவி ஒருத்தி.

கற்பகத்துக்கு அது தைத்துவிட்டது. அந்த வீட்டு வழக்கப்படி, பெண் வீட்டார் கொண்டுவருகிற சீர்ப்பொருள் ஒவ்வொன்றுக்கும் மாப்பிள்ளையின் அம்மா சந்தனமும் குங்குமமும் வைக்கவேண்டும். ஏற்றுக்கொண்டோம் என்று அதற்கு அர்த்தம். அட்டைக்கா பொட்டு வைப்பது? பெட்டிகளைத் திறக்கச் சொன்னாள். மானிட்டர் வெளியே வந்தது. ஓரத்தில் ஒரு பொட்டு. கேபினெட்டின் நெற்றியில் ஒரு பொட்டு. கிராபிக்ஸ் கார்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எங்கே பார்த்தாலும் கறுப்பு பிளாஸ்டிக். கறுப்பில் வைக்க மனம் வரவில்லை. கீழ் விளிம்பில் ஒரு மூடி இருந்தது. அதை உருவினாள். உள்ளே பொன்னிறத்தில் பளபளவென்று ஒரு பட்டை.

"தங்கம் கணக்கா இருக்கு. இங்கன வைப்போம்" என்று சந்தனத்தைக் குழைத்து அங்கே தாராளமாக அப்பினாள்.

கார்டு மதர்போர்டோடு பேசுவது அந்தப் பட்டை வழியாகத்தான். விரல் படாமல் இருப்பதற்குத்தான் அந்த மூடியே.

மாலையும் கழுத்துமாக மணவறையில் இருந்த முத்துப்பிரியாவுக்குப் பெட்டி திறந்தது தெரிந்தது. எங்கே பொட்டு விழுந்தது என்பது தெரியவில்லை. ஈஸ்வர் பக்கம் சாய்ந்து சொன்னாள்:

"அத்தைகிட்ட அதத் தொட வேணாம்னு சொல்லுங்க."

"எல்லாரும் பாக்குறாங்க. செத்த சும்மா இரு."

மேலே போய்ப் பூட்டுமுன் எல்லாவற்றையும் துடைத்துக்கொள்ளலாம் என்று அவள் சும்மா இருந்தாள்.

ஈஸ்வரோடு மறுவீட்டுக்கு ராசிங்காபுரம் போய்விட்டுப் போடிக்குத் திரும்பியபோது, மாமியார் வீட்டு முன்னறையில் கம்ப்யூட்டர் மேசைமேல் உட்கார்ந்திருந்தது. பூட்டி முடித்திருந்தார்கள். எதிரே உட்கார்ந்திருந்தவன், கல்லூரியில் படிக்கிற கொழுந்தன் தங்கபாண்டி. பக்கத்து நாற்காலியில் மகாராஜன் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்.

"மதினி, ஒங்களுக்கு வேலையே வைக்கல. மாமா கடை ஆளைக் கூட்டியாந்து செட் பண்ணிட்டோம்" என்றான் தங்கபாண்டி. முகத்தில் ஏதோ உதவி செய்துவிட்ட பெருமை.

அவளிடம் யாரும் கேட்கவில்லை. கேட்கவேண்டும் என்று அங்கே யாருக்கும் தோன்றவே இல்லை என்பது அதைவிட மோசம். திட்டமிட்டு எடுத்திருந்தால் சண்டையாவது போடலாம். தங்கள் வீட்டுக்குள் வந்த எதுவும் தங்களுடையது என்கிற நினைப்பு காற்றைப் போல அந்த அறையில் இருந்தது.

"ஆனா படம் வரல" என்றான் தங்கபாண்டி. "ஃபேன் சுத்துது, ஸ்கிரீன் கறுப்பாவே இருக்கு."

மகாராஜன் தம்ளரை வைத்தார். "கார்டு அவுட்டும்மா. எவனோ ராப்பகலா ஓட்டித் தேஞ்ச பழைய கார்டைத் தொடச்சுப் புதுசுன்னு ஒந் தலையில கட்டிட்டான். பொட்டப்புள்ள போனைப் பாத்து வாங்குனா இப்பிடித்தான் ஆகும். விடு. கடைக்கு எடுத்துட்டுப் போறேன். சின்னக் கார்டா ஒண்ணு குடுத்துவிடுறேன், அதுவும் ஒனக்காக."

"அன்னைக்கே அண்ணன் சொன்னாக" என்றாள் கற்பகம். "பெரியவுக பேச்சுக்கு மதிப்பு வேணும் ஆத்தா."

"ஸ்குரூ டிரைவர் இருக்கா தம்பி?" என்றாள் முத்துப்பிரியா.

தங்கபாண்டி சிரித்தபடி கொடுத்தான். ஒயரைப் பிடுங்கிவிட்டு, பக்கத் தகட்டைக் கழற்றி, கார்டை வெளியே உருவினாள். விளிம்பிலிருந்த பொன்னிறப் பட்டையில் பாதியை உலர்ந்த சந்தனம் மூடியிருந்தது. செருகிய வேகத்தில் கொஞ்சம் உதிர்ந்து மதர்போர்டின் பள்ளத்துக்குள்ளும் போயிருந்தது. அதை மகாராஜன் முன்னால் மேசைமேல் வைத்தாள்.

மகாராஜன் பார்த்தார். இத்தனை வருடம் கம்ப்யூட்டர் விற்கிறவர், கூட்டி வந்த ஆள், இரண்டு பேரில் ஒருவர்கூடச் செருகுமுன் ஒருமுறை திருப்பிப் பார்க்கவில்லை. பொருள் தப்பு, வாங்கினவள் ஏமாளி என்று தீர்ப்புச் சொல்ல மட்டும் அவசரம் இருந்தது. இந்த அவசரம் கம்ப்யூட்டரோடு நிற்பதில்லை. ஒரு வீட்டில் ஏதாவது ஓடாமல் போனால் முதலில் புது மருமகளைத்தான் பார்க்கிறார்கள்.

கற்பகத்தின் முகம் சிவந்தது. "பொட்டு வச்சா கெட்டுப்போற மிசினா? மங்களப் பொருளு தாங்காத சாமானு வீட்டுக்கு ஆகுமா?"

"கெடலைங்கத்தை. வச்ச எடம்தான் வேற."

"அப்ப நான்தான் கெடுத்தேங்கிறியா?"

"கெடுத்தீங்கன்னு நான் சொல்லல. ஏமாந்து வாங்கிட்டேன்னு என்னையத்தான் சொன்னாங்க."

மெடிக்கல் கடையில் ஸ்பிரிட் வாங்கிவர ஈஸ்வர் எழுந்தான். அதைப் பெரிதாகச் சொல்வதற்கில்லை. அறையை விட்டுப் போக அவனுக்கும் ஒரு காரணம் தேவைப்பட்டிருக்கலாம். அவள் தங்கபாண்டியின் ரப்பரால் பட்டையை மெல்லத் தேய்த்து, ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைத்தாள். பள்ளத்தைப் புது டூத்பிரஷால் நீவி ஊதினாள். உலரவிட்டு, திரும்பச் செருகி, சுவிட்சைப் போட்டாள்.

திரை வெளுத்து எழுத்துகள் வந்தன.

மன்னிப்பு என்று ஒன்றும் வரவில்லை. அது வரும் என்று அவளும் எதிர்பார்க்கவில்லை. ஆனால் அடுத்து வந்ததை அவளால் எதிர்பார்த்திருக்கவே முடியாது.

"ஓடுதுல்ல" என்றாள் கற்பகம். "அப்ப இங்கனயே இருக்கட்டும். மலையில ஈரத்துல கெட்டுத்தான் போகும். தங்கபாண்டி படிப்புக்கு ஆகும். நீ கீழ வர்றப்ப ஆடிக்க."

"அதுதான் சரி" என்றார் மகாராஜன், எதுவுமே நடக்காதது போல. "அங்க கரண்டும் நிக்காது."

ஓடாதபோது அவளுடைய முட்டாள்தனம். ஓடினால் குடும்பச் சொத்து. இரண்டுக்கும் நடுவில் ரப்பர் தேய்க்கிற நேரம் மட்டும்தான் அது அவளுடையதாக இருந்தது. இப்படிச் சொல்கிறவர்கள் கெட்டவர்கள்கூட இல்லை. கற்பகம் மருமகளுக்கு வயிறு வாடப் பொறுக்காதவள். தங்கபாண்டி மதினிக்கு நாற்காலி இழுத்துப் போடுகிறவன். சோறும் நாற்காலியும் கொடுப்பார்கள். உன்னுடையதை உன்னுடையது என்று ஒப்புக்கொள்ள மட்டும் மாட்டார்கள். அன்புக்கு நடுவில் செய்யப்படுகிற அநியாயத்தை எதிர்க்க மொழியே கிடைப்பதில்லை. எதிர்த்தால் அன்பை உதைத்தவள் ஆகிவிடுவாள்.

முத்துப்பிரியா கம்ப்யூட்டரை நிறுத்தினாள். ஒயரைப் பிடுங்கினாள். ஸ்குரூ டிரைவரை மறுபடி எடுத்தாள்.

"என்ன ஆத்தா பண்ற?"

"பிரிக்கிறேன் அத்தை. பூட்டுனபடி ஜீப்புல கொண்டுபோக முடியாது."

"நான் சொல்லிக்கிட்டே இருக்கேன்."

"கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். கட்டில் வேணாம், பீரோ வேணாம்னு எங்கப்பாகிட்ட நான் கேட்டு வாங்குனது இது ஒண்ணுதான். தம்பிக்கு வேணும்னா என்ன வேணும்னு சொல்லட்டும், ஒக்காந்து பாத்துத் தேர்ந்தெடுத்துக் குடுக்குறேன். இது மேல வரும்."

குரல் உயரவில்லை. ஒரு ஸ்குரூ கீழே விழுந்து உருண்டது. அதைத் தேட அவள் குனிந்தபோது மகாராஜன் செருப்பை மாட்டிக்கொண்டு, "மாப்ளே, பாத்துக்க. இன்னைக்குக் கம்ப்யூட்டரு" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியேறினார்.

எல்லோரும் ஈஸ்வரைப் பார்த்தார்கள். அவன் அம்மாவைப் பார்த்தான், மனைவியைப் பார்த்தான். நியாயம் எந்தப் பக்கம் என்று அவனுக்குத் தெரிந்துதான் இருந்தது. தெரிந்ததை வாய்விட்டுச் சொல்கிற பழக்கம் அவனுக்கு இருந்ததில்லை, அன்றும் சொல்லவில்லை. மேசைக்கு அடியில் கிடந்த அட்டைப்பெட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு வந்து அவள் பக்கத்தில் வைத்தான். அவ்வளவுதான் செய்தான்.

கற்பகம் அடுக்களைக்குள் போனவள் வெளியே வரவில்லை. கிளம்பும்போது மருமகள் சொல்லிக்கொள்ள உள்ளே போனாள். "போயிட்டு வர்றேன் அத்தை" என்றதற்குப் பதில் இல்லை. பார்சல் கட்டிய சோற்றுப் பொட்டலம் மட்டும் மேடைமேல் இருந்தது. அதை எடுத்துக்கொண்டாள்.

ஜீப் மலையடிவாரத்து முந்தலைத் தாண்டி ஏற ஆரம்பித்ததும் மழைத் தூறல் விழுந்தது. டிரைவர் மலையாளமும் தமிழும் கலந்து பேசுகிற ஆள்.

"சேச்சி, அந்தப் பொட்டிகளை மேல தார்ப்பாய்க்கு அடியில போட்டுறலாம். எடம் தாராளமா கிட்டும்."

"வேணாம்ணே. மடியிலயே இருக்கட்டும். வளைவுல மட்டும் மெதுவாப் போங்க."

மானிட்டர் ஈஸ்வரின் மடியில். கார்டும் மதர்போர்டும் அவள் மடியில். கேபினெட் இருவர் காலுக்கு நடுவே. வளைவுக்கு வளைவு இருவரும் பெட்டிகளை அணைத்துக்கொண்டு ஒரே பக்கம் சாய்ந்தார்கள். போடி கீழே மழைக்குள் போய்விட்டது.

"அம்மா இனிமே கொஞ்ச நாளைக்குப் பேசாது" என்றான் ஈஸ்வர்.

"தெரியும்."

"மாமா ஊரெல்லாம் சொல்லுவாரு."

"சொல்லட்டும். பொட்டு வச்சதையும் சேத்துச் சொல்லுவாரான்னு கேளுங்க."

அவன் சிரித்துவிட்டான். பிறகு மானிட்டர் பெட்டியை இன்னும் கொஞ்சம் நிமிர்த்தி வைத்துக்கொண்டு, கேட்பதா வேண்டாமா என்று யோசித்துவிட்டுக் கேட்டான்.

"சாயங்காலம் நானும் செத்த நேரம் ஆடலாமா?"

முத்துப்பிரியா அவனைத் திரும்பிப் பார்த்தாள். கல்யாணப் பேச்சு ஆரம்பித்த நாளிலிருந்து அந்தக் கம்ப்யூட்டரைப் பற்றி அவளிடம் யாரும் அனுமதி கேட்டதில்லை.

"பொதன்கிழமை மட்டும் வேணாம்" என்றாள். "அன்னைக்கு எங்க குழுவுக்கு மேட்ச்சு இருக்கு."